கண்ணாடியைத் துடைத்த துணி

ஆவணி, செவ்வாய் இரவு.

ரெட்டிபாளையம் ரோட்டில் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் தங்கச்சி காரின் முன்கண்ணாடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதற்குள் மழைத்தண்ணீரும் இறங்கிவிட்டது. ஈரத்தோடு பசை ஊற்றினால் பிடிக்காது, காயவைத்துக் கொண்டு வாங்க என்றார் பெரம்பலூர் கண்ணாடிக் கடைக்காரர். எனக்கே சொல்கிறார். கப்பல் கண்ணாடியையே காயவைத்த கை இது என்று அளந்துவிட்டு வந்தேன்.

முதலில் ஒரு துணியால் உள்பக்கத்தைப் பளபளவென்று துடைத்தேன். பிறகு ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடு காட்டினேன். ஈரம் சுத்தமாகப் போய்விட்டது. இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் இது கைவராது.

தங்கச்சி வந்து பார்த்தாள்.

"அந்தப் பொட்டு எங்கண்ணே?"

போன ஆயுத பூஜைக்கு மச்சான் உள்ளே ஓரமாக வைத்த சந்தனமும் குங்குமமும். தை மாதம் அவர் இறந்துபோனார்.

"புதுசா வச்சிடலாம்மா."

"அது அவரு வெரலு பட்டதுண்ணே. சரி வுடு, சாப்புட வா."

அந்தத் துணியை நான் அலசவில்லை. மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் இன்னும் சிவப்பு இருக்கிறது.