பூ அராவிய துப்பாக்கி

பர் துபாய்,
9.1.1976

என் ஜலஜாவுக்கு,

நலம். உனக்கும் நம் நீலாவுக்கும் விசா கிடைத்துவிட்டது. மார்ச்சில் புறப்படலாம். உன் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, நமஸ்காரம் சொல்.

இன்னொரு சந்தோஷம். தேராவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஈசாவிடமிருந்து ஐந்தாவது ஜப்பான் துப்பாக்கியும் வாங்கிவிட்டேன்! இரண்டாம் உலக யுத்தம் முடியப்போகிற நாளில் அவசரமாகச் செய்தது. கட்டை பழப்பெட்டிப் பலகை மாதிரி சொரசொரக்கிறது. பள்ளிக்கூடப் பெண்களைக்கூட ஆயுதச் சாலையில் உட்கார்த்தி வைத்தார்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் படுத்தபடி பார்த்தால், ஐந்தும் சுவரோரம் கண்மூடி மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. மழை பெய்கிற ஏதோ ஊரில் நானும் மிதக்கிறேன். சிரிக்காதே.

துப்பாக்கியின் மேல் அவர்கள் ராஜாவின் செவ்வந்திப் பூ முத்திரை இருக்கும். சரணடைந்தபோது அதை அராவி அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்களாம். பூ போனதற்கு மதிப்பில்லை. இதில் மட்டும் பூ அப்படியே இருக்கிறது!

உன்
சேதுமாதவன்

திருவாரூர்,
24.1.1976

அன்புள்ள அத்தானுக்கு,

வழக்கம்போல் உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மலாயாத் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதிக்கொண்டு இருந்த என் அப்பாவைச் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனது இதே ஜப்பான்காரர்கள்தான் என்று ஒரு நிமிடமாவது நினைத்தீர்களா? அதற்குமேல் தகவல் இல்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால், ஊர் என்ன பேசினாலும் அம்மா இன்றும் தலையில் பூ வைத்துக்கொள்கிறாள். "அந்தத் துப்பாக்கியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது, அப்பா உங்கள் அறைக்குள் வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவை இருக்கிற வீட்டில் நான் குடித்தனம் செய்ய மாட்டேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ஜலஜா

பர் துபாய்,
7.2.1976

என் ஜலஜாவுக்கு,

நான் மடையன். நான்கையும் ஈசாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "க்யா ஹுவா பாய்?", என்ன ஆச்சு என்று கேட்டுச் சிரித்தார்.

பூ இருந்ததை மட்டும் அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. அரம் வாங்கிவந்து ஜன்னலோரம் உட்கார்ந்து நானே பூவை அராவிவிட்டேன். இரும்புத்தூள் வெயிலில் மிதந்து மிதந்து இறங்கியது. ஜப்பான்காரர்கள் உன் அப்பாவிடமே சரணடைந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொல், சந்தோஷப்படுவார்கள். அதையும் நாளை கொடுத்துவிடுகிறேன்.

வந்துவிடு, ஜலஜா. நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்கு ஆகவில்லை.

உன்
சேதுமாதவன்

திருவாரூர்,
21.2.1976

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவும் மகிழ்வாள் என்று நம்பித்தான் படித்துக் காட்டினேன்.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "மாப்பிள்ளையே பூவை எடுத்துட்டாரா? அப்ப சண்டை முடிஞ்சுதான் போச்சு. இனிமே உங்கப்பா வரமாட்டார்டி" என்றாள். தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே வைத்தாள். கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினாள்.

அம்மாவின் பூவை எடுக்க வைக்க இத்தனை வருஷமாக ஊரால் முடியவில்லை. எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. எங்கள்மேல் இருக்கிற பிரியத்தில் செய்தீர்கள் என்று தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அம்மா இப்போதுதான் அப்பாவுக்காக அழுகிறாள். அவளை விட்டு என்னால் வர முடியாது. நீலா மட்டும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். எப்போது வருவேன் என்று கேட்டு எழுத வேண்டாம், அத்தான்.

ஜலஜா