முத்தட்டும் என்று சொன்னேன்

அண்ணா,

கண்ணில் விட்ட சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. "கண்ணுல உட்டா வாய் கசக்குது அம்மிணி, இதென்ன கூத்து" என்பீர்களே, அதே கசப்பு. நேற்றிலிருந்து எனக்கும் சொட்டு மருந்துதான்.

எருத்தேன்பதியில் இருந்த என் மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்தபோது கூடவே இருந்தவள் நான். "இன்னும் முத்தலைங்க, ஆறு மாசம் போகட்டும்" என்று பொள்ளாச்சி டாக்டர் முதலில் திருப்பி அனுப்பினார். பிறகு எடுத்தார். தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழவி அரிசியில் கல் பொறுக்கினாள். எழுபதுகளில் முத்திய பிறகு எடுப்பதுதான் வழக்கம். அந்த ஓர் அனுபவத்திலேயே நான் பாதி டாக்டராகிவிட்டேன்.

பிறகொரு நாள் வேலந்தாவளம் சந்தையில், எதிரே நின்ற மாட்டின் நெற்றிச் சுழியைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த உங்களைப் பக்கத்தில் வந்த காளை இடித்துத் தள்ளியது. அது வந்ததே தெரியவில்லை என்றீர்கள். பொள்ளாச்சி போய்க் காட்டிவிட்டு வரலாமா என்று என்னிடம்தான் கேட்டீர்கள்.

"புரைதானுங்கண்ணா, நல்லா முத்தட்டும். இப்பப் போனாத் திருப்பித்தான் அனுப்புவாங்க" என்றேன்.

நான் சொன்னால் கேட்டுக்கொள்வீர்கள். ஒரு வருடம் ஓடிவிட்டது.

கடைசியில் போனபோது, டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்துக்கொண்டே கொண்டுவந்தார். "தெரிஞ்சதும் சொல்லுங்க." விரல் காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு நேரே வரும்வரை நீங்கள் வாய் திறக்கவில்லை. சுவரோரம் நின்ற எனக்கு அந்த விரல் முதலிலிருந்தே தெரிந்தது. பிறகு கண் மரத்துப்போக மருந்து விட்டு, படுக்கவைத்து, ஒரு சின்னக் கருவியை விழிமேல் வைத்து அதன் முள் காட்டிய அளவைப் பார்த்தார். விளக்கடித்து உள்ளேயும் பார்த்தார்.

"இது புரை இல்லைங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துருச்சு. புரைன்னா எடுத்துரலாம். இதுல போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தத்தான் மருந்து. ஏனுங்க, ஒரு வருசம் முந்தியே வந்திருக்கக் கூடாதா?"



"மாடு கன்னை உட்டுட்டு வர முடியலீங்க" என்றீர்கள் நீங்கள்.

என்னைத் திட்டியிருக்கலாம், அண்ணா. பஸ்ஸில் வரும்போதாவது திட்டியிருக்கலாம். கூடப்பிறந்தவர்களுக்கும் இது வரும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். மிச்சப் பார்வையும் போன பிறகு, என் தோளைப் பிடித்து நடந்தபடியே, "இந்த வருசம் கண்ணைக் காட்டினியா அம்மிணி?" என்று கேட்பீர்கள். அந்த நச்சரிப்புக்காகவே போய்வந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகும் வருடா வருடம் போகிறேன்.

நேற்று டாக்டரம்மா, "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டோமுங்க, மருந்தை மட்டும் உடாதீங்க. வீட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"எங்கண்ணனுக்குங்க. நான்தான் முத்தட்டும்னு சொல்லி நிறுத்தி வெச்சேன்."

இத்தனை வருடத்தில் இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். என் தப்பு என்று உங்களிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரம்மா அண்ணனுக்கு உண்டு என்பதை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கசப்பு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போடாமலே எழுதுகிறேன். உங்கள் நச்சரிப்பில் தப்பிய கண்ணுக்கு எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது, அண்ணா.