மடிப்புடவை போர்த்திய டயர்

மார்கழி 4, 1958. இரவு.

டில்லிக்குப் பிள்ளையிடம் போனால் திரும்ப இரண்டு மாதமாகும். அதுவரை பாரம் தாங்கினால் டயர் வீணாகிவிடும் என்று இவர் பழைய காரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தினார். கல்லைச் சரிசெய்ய அடியில் படுத்திருந்தார். நான் சமைக்கக் கட்டிக்கொள்ளக் கொடியில் மடிப்புடவையைத் தேடினேன். அது டயர்களுக்குப் போர்த்தியிருந்தது!

"ஏன்னா, தளிகை பண்ற புடவையையா எடுத்தேள்? முதல்ல வெளியில வாங்கோ!"

"வெயில் பட்டா ரப்பர் வெடிச்சுடும்டி" என்று முனகிக்கொண்டே ஊர்ந்து வந்தார். அவர் எழுந்து நிற்பதற்குள் செங்கல் நொறுங்கி, படுத்திருந்த இடத்திலேயே கார் தொம்மென்று இறங்கியது.

புடவை இன்னும் டயர்மேல்தான் இருக்கிறது.

ரங்கா, பெருமாளே, இனி இவரைத் திட்டுவதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று திட்டாமல் இருந்திருந்தால்...