வீட்டுக்குள் வளர்த்த நாற்று

ராசிங்காபுரம்,
ஐப்பசி 12

அன்புள்ள மாமாவுக்கு முனீஸ்வரி எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதைப் பதறாமல் படியுங்கள்.

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் நம் பங்காளி வெள்ளைத்துரை மச்சானின் இரண்டு விரலை வெட்டிவிட்டு நீங்கள் மதுரைச் சிறைக்குப் போனீர்கள். அவர் தம்பி சின்னமுத்து நம் தக்காளி நாற்றங்காலில் களைக்கொல்லி அடித்துக் கருக்கியதைப் போனமுறை நேரில் வந்தபோது சொன்னேன். அதனால் இந்தத் தடவை விதையைக் குழித்தட்டில் போட்டு, நாம் படுக்கும் அறைக்குள்ளேயே வளர்த்தேன்.

முதலில் தண்ணீர் அதிகமாகி இரண்டு தட்டு தண்டழுகிச் சாய்ந்தது. பிறகு காலையில் மட்டும், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றினேன். சன்னல் வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்தது. டியூப்லைட்டைக் கயிற்றில் கட்டி ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினேன். தினமும் உள்ளங்கையால் தடவிக்கொடுக்க, தண்டு தடித்தது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வாசலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று வெயிலுக்குப் பழக்கினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, தட்டுகள் வாசல் வெயிலில் இருந்தபோது, சின்னமுத்து அரிவாளோடு வந்தான். "எங்கண்ணன் சோத்த அள்ளித் திங்க முடியாமக் கெடக்கான், ஒனக்கு வெள்ளாமை கேக்குதா?" என்று தட்டுகளை மிதித்தான். நான் குறுக்கே விழுந்தேன். வீசினான். இடது முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, நாற்றின்மேல் ரத்தம் கொட்டியது. வலிக்கவே இல்லை மாமா. கடப்பாரை அகப்பட்டது. முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவன் வாயில் மிதித்தேன். அவன் அரிவாளையே எடுத்துக் கழுத்துக்கு ஓங்கினேன். "வேணாம் மதினி, வேணாம்" என்றான், பல் உடைந்த வாயோடு.

நிறுத்த எனக்கு மனசில்லை. வெள்ளைத்துரை மச்சான்தான் ஓடிவந்து, அந்த மூன்று விரல் கையால் அரிவாளைப் பிடித்தார். நான் இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. "போதும் தாயி, என் கையோட முடியட்டும்" என்றார். அப்புறம்தான் என் பிடி தளர்ந்தது.

அவரே ஜீப்பு பிடித்து எங்கள் இருவரையும் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எனக்குப் பதினோரு தையல். சின்னமுத்துக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடந்தது நடந்தபடியே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் ஓங்கியது உட்பட.

மூன்று தட்டு நாற்றுதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கியதும் ஒற்றைக் கையால் நட்டேன். மச்சான் மடையைத் திறந்து நம் வயலுக்குத் தண்ணீர் விட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செடி மூன்றாம் நாளே நிமிர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் உங்களுக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் வரை தெரியாது. ஓங்கும்போது சுகமாக இருந்தது மாமா. அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் யார் வீட்டுக்கும் போகாதீர்கள், யார் என்ன சொன்னாலும் நிற்காதீர்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். ஒன்றும் வாங்கி வர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள்.

உங்கள்
முனீஸ்வரி