இரண்டு பக்கமும் நீக்கு

காஞ்சிபுரம்
மாசி 10, ஞாயிறு

அன்புள்ள தீபிகாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் தயவில் இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தறிக்குழியில் இறங்கும்போது ஒரு தடவையும் ஏறும்போது ஒரு தடவையும் முனகுகிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவர் டீக்கடை வரைக்கும் போய்வருவதையே நடை என்று சேர்த்துக்கொள்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது, டப்ளினில் மழை விட்டதா, மூன்று வேளையும் ரொட்டியைத் தின்னாமல் வாரத்தில் இரண்டு நாளாவது சோறு வடிக்கிறாயா. நீ வைத்துவிட்டுப் போன கணினியும் சுகம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதெல்லாம் எனக்குத்தான். போனில் சொல்லலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ “மீட்டிங்மா” என்று வைத்துவிடுவாய், அதனால் நம் டைப்பிங் கடையில் உட்கார்ந்து அதே கணினியிலேயே அடித்து அனுப்புகிறேன். நுனிப்புல் மேயாமல் முழுதாகப் படி, நடுவில் உன் பெயர் வருகிறது.

போன ஆடியில் நீ வந்திருந்தபோது பழைய கணினி என்னைப் புதுக் கணினி வாங்கு, புதுக் கணினி வாங்கு என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தது, நீதான் “எதுக்குமா காசு, சும்மாவே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குது, உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதி வெச்சிருக்காங்க, தமிழ்லயே வரும்” என்று ஒரு பெண்டிரைவைச் செருகி முக்கால் மணி நேரத்தில் அதை ஆளையே மாற்றிவிட்டு மறுநாள் விமானம் ஏறிவிட்டாய். கோயில் பிரசாதத்தைத் தவிர சும்மா கிடைத்த எதையும் நான் நம்பினவள் இல்லை. முதல் மாதம் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மேசைத்தளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த மேசைமேல் ஒரு காகிதம் வைக்க விடமாட்டேன் என்கிறது, பதினாறு வருஷமாகத் திரை முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்துப் பழகியவள் நான், இப்போது வெறும் மலைப் படம்தான் தெரிகிறது. மவுஸை இடது பக்க மேல் மூலைக்குத் தெரியாமல் கொண்டுபோய்விட்டால் திறந்திருந்ததெல்லாம் சின்னதாகி, வெயிலில் காயவைத்த அப்பளம் மாதிரி வரிசைகட்டி நிற்கிறது. ஒருநாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பாதி வேலையில் காணாமல் போய்விட்டது. இறந்தவரின் மகன் பக்கத்திலேயே நிற்கிறார், “அப்பா எங்கம்மா, இப்பதான இருந்தாரு” என்கிறார், நானும் வாய் தவறி “அடுத்த எடத்துக்குப் போயிட்டாருபா, கூட்டிக்கினு வரேன்” என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பணியிடம் என்று மறைவாக இன்னொரு திரை இருப்பதும் அவர் அங்கே இருந்ததும் அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. கடவுச்சொற்களைப் போட்டு வைக்கச் சாவிக்கொத்து என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைத் திறக்கவும் கடவுச்சொல் கேட்கிறது, சாவிக்கே பூட்டுப் போட்ட புண்ணியவான் யாரோ.

குறை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும், நல்லதையும் சொல்கிறேன். பிரிண்டரைச் செருகினதும் ஒரு கேள்வி கேட்காமல் அச்சடித்தது. ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவரும் பெண்டிரைவால் முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை கணினிக்குக் காய்ச்சல் வரும், இப்போது ஒரு தும்மல்கூட இல்லை. பழையது அவசர வேலை நடுவில் தானே அணைந்து தானே எழுந்திருக்கும், இது புதுப்பிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் கைகட்டிக் காத்திருக்கிறது, அந்த மரியாதை நம் வீட்டில் எனக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. கார்த்திகை வருவதற்குள் நானும் அதற்கு வழிவிட்டு அதுவும் எனக்கு வழிவிட்டு, மாமியார் மருமகள் போல ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டோம்.

இனிமேல்தான் விஷயம். பரசுராமன் என்று ஒரு பெரியவர், திருமுக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், நாற்பது வருஷம் அந்த ஊர் ஏரிக்கு மதகு திறந்து மூடியவர். எந்தக் கழனிக்கு எந்தக் கிழமை எவ்வளவு நேரம் தண்ணீர், யாருக்குப் பிறகு யார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது, காகிதத்தில் கிடையாது. அதனால் வருஷா வருஷம் மேலத்தெருவும் கீழத்தெருவும் மண்வெட்டியோடு கரையில் நிற்கும். பொங்கல் கழித்து ஊர்க்கூட்டம் போட்டு முறையை எழுத்தில் முடிவுசெய்வது என்று ஆகி, இவர் ஐப்பசியிலிருந்து வாரம் ஒருநாள் பஸ் ஏறி வந்து நம் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அறுபத்து மூன்று கழனி, நாயன்மார் கணக்கு என்று அவரே சிரிப்பார். பொங்கலுக்கு முந்தின வாரம் வேலை முடிந்தது, நாளை வந்து பிரிண்ட் வாங்கிக்கொள்கிறேன் என்று போனார்.

அன்று சாயங்காலம் கணினியில் இடம் பற்றாமல் பழைய புராஜெக்ட் குப்பைகளையெல்லாம் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக அழிக்கப்போனேன். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழிக்கும் அந்தக் குறுக்கு வழியை நீதான் சொல்லிக்கொடுத்தாய். நிரந்தரமாக அழியும், சம்மதமா என்று கேட்டது, அப்போதுதான் பார்க்கிறேன், பரசுராமனின் கோப்புறையும் சேர்ந்து நீலமாக இருக்கிறது. சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று கீழே பார்த்தால் இரண்டு பொத்தான். இடது பக்கம் நீக்கு. வலது பக்கமும் நீக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் இரண்டு பக்கமும் நீக்குதான். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பு என்றால் நில் என்றுதானே மூங்கில் மண்டபம் சிக்னலில் போலீஸ்காரர் சொல்லியிருக்கிறார், சிவப்பை அமுக்கினேன். நிற்கவில்லை, போய்விட்டது. பேக்கப் எடுத்து வைத்தாயா என்று இப்போது கேட்கப்போகிறாய், கேட்காதே. அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தறியில ஊடை தப்பிப் போச்சுன்னா இழை இழையா பிரிச்சி எடுத்துடலாம், உன் பொண்ணு வெச்ச பெட்டியில பிரிக்க முடியாதா” என்று கேட்டார். உனக்குப் போன் செய்ய எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். நீ பதறுவாய் என்பது பாதிக் காரணம், பேக்கப் எடுத்தியா என்பாய் என்பது மீதி.

மறுநாள் அவரிடம் மெஷின் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். “போனா போவுதும்மா, இன்னா, ஏரிக்கரையா ஒடஞ்சி போச்சு, இன்னொரு வாட்டி சொல்றேன், அடி” என்று உட்கார்ந்தார். ஆனால் இரண்டாம் முறை அது வரவில்லை தீபிகா. மேலத்தெரு வரைக்கும் கடகடவென்று சொன்னவர் கீழத்தெருவுக்கு வந்ததும் வேப்பமரத்துக் கழனியோடு நின்றுவிட்டார், அடுத்தது யார், அடுத்தது யார் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எழுபத்து நாலு வயது மனுஷன், கண்ணில் தண்ணீர். கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, கையில் பட்டியல் இல்லாமல் போனால் இந்த வருஷமும் மண்வெட்டிதான்.

கீழத்தெரு வரிசை தெரிந்த இன்னொரு ஆள் யார் என்று கேட்டேன். குரு என்று ஒருத்தர் இருக்காரு, ஆனா அவருகூட ஆறு வருஷமா பேச்சு இல்ல என்றார், திங்கட்கிழமைத் தண்ணீரால் வந்த சண்டை. நம்பரை மட்டும் வாங்கி நானே போன் போட்டேன், ஐயா உங்க தெரு வரிசையைப் பரசுராமன் தனக்குத் தோணினபடி சொல்லிக்கினு இருக்காரு, நீங்க வரலைன்னா அதுதான் அச்சாவும் என்றேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். முதல் நாள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான், “அவரக் கேளும்மா, வேப்பமரத்துக்கு அப்பறம் யாருன்னு”, “அவராண்ட சொல்லும்மா, அது அவங்க பாட்டன் சொத்து இல்லன்னு.” நான் கணினியை மட்டுமா இயக்கினேன், இரண்டு கிழவர்களையும் சேர்த்து இயக்கினேன். மூன்றாம் நாள் பரசுராமன் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்ல, குரு என்னை மறந்து நேராக அவரிடமே, “யோவ், அது எங்க மாமன் கழனிய்யா, நீதான ரெண்டு நாழி கூட தண்ணி உட்ட, அவரு புள்ள செத்த வருஷம்” என்று சொல்லிவிட்டார். பரசுராமன் ஆமாம் என்று தலையாட்டினார். நான் போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபதுக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், மூன்றை வெறுமனே விட்டு அச்சடித்தேன். கூட்டத்தில் அந்த மூன்றையும் வாரம் மாற்றி வாரம் என்று ஊரே பேசி முடித்துவிட்டதாம், இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்டு இப்போது நவரைப் பயிருக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அழித்தேனே அந்த முதல் பட்டியல், கீழத்தெருவைக் கேட்காமல் எழுதின அது வந்திருந்தால் கூட்டத்திலேயே கிழித்துப் போட்டிருப்பேன் என்று குரு என்னிடமே சொன்னார். ஆக, அழிந்ததால்தான் நிலைத்தது. இதைச் சாக்காக வைத்து யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு பொத்தானுக்கும் ஒரே பெயர் வைத்த மகானுபாவர் யார் என்று தேடி, கணினியில் ‘பற்றி’ என்ற இடத்தில் தமிழ்க் குழுவின் முகவரியைப் பிடித்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இதைத் தமிழாக்கியவர் சொந்த வீட்டில் எதையும் அழித்ததே கிடையாதா, அவருக்கு வளர்ப்பு என்று ஒன்று உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் தாவீது என்ற தம்பி பதில் போட்டார், நாகர்கோவில் பக்கம், பகலில் வங்கி வேலை, மீதி நேரத்தில் சம்பளமில்லாமல் இது. மன்னிச்சிருங்கம்மா, கேன்சல் என்று கைவிடுவதற்கும் டெலிட் என்று அழிப்பதற்கும் ஒரே சொல் விழுந்துவிட்டது, இத்தனை வருஷம் யாரும் சொல்லவே இல்லை, யார் எப்போது மாற்றியது என்ற பதிவை இணைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்றே கால். தீபிகா சிவராஜ், காஞ்சிபுரம். பக்கத்தில் குறிப்பு வேறு: ‘ரத்து என்பது பிறமொழிச் சொல், நீக்கு என மாற்றப்பட்டது.’

கல்லூரியில் ஏதோ தமிழ்க் கணினி முகாம் என்று போய்விட்டு, கையில் ஒரு சான்றிதழும் ஒரு பிரியாணிப் பொட்டலமுமாக வந்தாயே, அந்தச் சனிக்கிழமை. ஒரே மத்தியானத்தில் இருநூற்றுப் பதினான்கு வரி தமிழாக்கியிருக்கிறாய், அந்த வேகத்தில் நீ ஒரு வேலையும் வீட்டில் செய்து நான் பார்த்ததில்லை. ரத்து பிறமொழி என்று தள்ளினாயே, ஜரிகை எந்த ஊர்ச் சொல் என்று நினைத்தாய்? அந்தப் பிறமொழிச் சொல்லைப் புடவையில் வைத்து நெய்துதான் அப்பா உனக்குக் கல்லூரிப் பணம் கட்டினார். வளர்ப்பைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் யார் சொல்வது என்று யோசித்து, அந்த வரியை மட்டும் மறந்துவிடும்படி தாவீதுக்கு அவசரமாக இன்னொரு கடிதம் போட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, சரி, நீங்களே ஒரு நல்ல சொல் கொடுங்கள் என்றார். வேண்டாம் என்றே போடுங்கள் என்றேன். குழுவில் பதினேழு கடிதம் ஓடியது, ஒருத்தர் கைவிடு என்றார், ஒருத்தர் தவிர் என்றார், காயத்ரி என்று ஒரு பேராசிரியை, வேண்டாம் என்பது கட்டளைச் சொல் இல்லையே, கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லையே என்றார். பேராசிரியை அம்மா, பந்தியில் இலைமேல் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் வரும்போது நீங்கள் கைவிடு என்றா சொல்வீர்கள் என்று கேட்டேன். மறுநாள் அவரே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இப்போது என்னையும் தமிழாக்கியவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், வாரத்துக்கு நாற்பது வரி சரிபார்க்கிறேன், உன்னுடைய அந்த இருநூற்றுப் பதினான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருகிறேன், பயப்படாதே, நிறைய நன்றாகத்தான் இருக்கிறது. தீபிகா சிவராஜ், புவனேஸ்வரி சிவராஜ் என்று பெயர்கள் கிட்டக்கிட்ட வந்திருப்பதை அப்பாவுக்குக் காட்டினேன், “மவுஸத் தொடாமலே எம்பேரு ரெண்டு வாட்டி வந்துக்கீது பாரு” என்று தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

போன வாரம் பரசுராமன் ஒரு பை புது அரிசியோடு வந்தார், அந்த வார்த்தைய வெச்சது யாருன்னு தெரிஞ்சுதாம்மா என்று கேட்டார். யாரோ காலேஜ் பொண்ணு, பத்தொம்பது வயசு இருக்கும், சம்பளம் இல்லாம செஞ்சிருக்குது என்றேன். “அப்ப அதத் திட்டிடாதம்மா” என்றார், சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இது திட்டு இல்லை, நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மஹாலட்சுமி சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் வைகாசியில் வருகிறது, லீவுக்கு இப்போதே சொல்லி வை. தலைக்கு எண்ணெய் வை, கோபத்தோடு யாருக்கும் கடிதம் எழுதாதே, எழுதினாலும் மறுநாள் படித்துப் பார்த்து அனுப்பு, என் அனுபவம். காமாட்சி உன்னைக் கண்போலக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் மனசுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு நீண்ட ஆயுசோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே, பங்குனியில் ‘வேண்டாம்’ சேர்ந்த புதுப் பதிப்பு வருகிறதாம், வந்ததும் உன் கணினியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி வை. அந்த ஊரில் நீ அவசரப்பட்டு எதையாவது அழிக்கப்போகும்போது ஒரு பக்கம் நீக்கு என்று இருக்கும், இன்னொரு பக்கம் நான் இருப்பேன்.

ஆசிகளுடன்
உன் அம்மா
சி. புவனேஸ்வரி