பர்கத்தும் நானும்

அன்புள்ள செலின்,

மாதா துணையால் சுகமாக இருக்கிறேன். உன் முட்டுவலி தேவலையா?

கப்பல் கம்பெனி மேலுள்ள வழக்கு முடியாததால் எங்கள் கப்பல் தூத்துக்குடிக்கு வெளியேதான் நங்கூரமிட்டு நிற்கிறது. மாதா கோயில் கோபுரம் தெரிகிறது. இறங்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

இங்கே மொழிவாரியாகத்தான் சாப்பிட உட்காருவார்கள். தமிழன் நான் ஒருவன்தான், அதனால் தனி மேசை. நேற்று பலுசிஸ்தான்காரர் பர்கத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய பிராகுயியும் தமிழும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று படித்தாராம். பாலுக்கு அவர்கள் மொழியிலும் ஏறக்குறையப் பால்தான். "அப்போ நீரு நமக்குச் சொந்தக்காரர்லா" என்று தமிழிலேயே சொன்னேன். புரியாமலே சிரித்தார். பிறகு, கப்பலில் பால் தீர்ந்துவிட்டதால், இருவரும் கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்திருந்தோம்.

கடிதம் கொண்டுபோகும் ஏஜென்ட் படகு கிளம்புகிறது. சோப்பும் பால்பவுடரும் கொடுத்துவிடு. சின்ன பாக்கெட் வேண்டாம், பெரிய டப்பாவாகவே வாங்கு.

உன்
ரெமிஜியுஸ்