கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்

12 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே. அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. நாம் பேசுவது மட்டும் முழுசாகப் புரிகிறது. தாமதமாக ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அந்தக் கோபம் குறையவில்லை.

போனில் கேட்டால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளின் படத்தைக் காட்டலாமென்று நேற்று அப்பாவின் போனைத் திறந்தேன். பக்கவாதம் வந்த அன்று காலை ஏழு நாற்பதுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஆறு நிமிடம்.

அன்று எழுந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன். எட்டரைக்குப் போய்ப் பார்த்தால் வாய் கோணிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில், "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரிந்தது முந்தின இரவு பத்து மணி. அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டு, காலையில் அப்பா உன்னிடம் பேசினாரா என்று கேட்டேன். "என்கிட்ட பேசலையே" என்றாய். மூளையில் உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். பதினோரு மணி நேரம் ஆயிற்றென்று போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுத்தபோது மதியம் தாண்டிவிட்டது.

"பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பார்க்கலையா?" என்று கேட்டாயே, அது மூன்று மாதமாக என்னைத் தின்கிறது.

அந்தப் போனைப் பிள்ளைகள் யாராவது எடுத்தார்களா? அப்படித்தான் இருக்கும். விசாரித்து எழுது.

அக்கா

24 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

நான்தான் எடுத்தேன். அப்பா தெளிவாகத்தான் பேசினார். "ஒரு தடவை வந்துட்டுப் போடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "சும்மா நச்சரிக்காதீங்கப்பா" என்று கத்தி வைத்துவிட்டேன். நீ கூப்பிட்டதும், நான் கத்தியதால்தான் விழுந்தாரோ என்று பயந்து, பேசவே இல்லை என்றேன். நீ அதைக் கேட்டது ஊசிக்கான நேரத்துக்காக என்று அப்போது தெரியாது. தெரிந்தபிறகு சொல்ல வாய் வரவில்லை, பழியை உன்மேல் போட்டேன்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. மன்னிக்கச் சொல்.

தம்பி

5 செப்டம்பர்

தம்பிக்கு,

படித்துக் காட்டவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். "நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா, ஊசி போட்டிருந்தா பேச்சு வந்திருக்கலாம்" என்றார். இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் வாசலைப் பார்க்கிறார். "அவனுக்கு லீவு கிடைக்கலையாம்ப்பா" என்றேன். இனிமேலும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

நீ வராதே. உன்னைக் கண்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அக்கா